மகாவலியின் பிறப்பிடத்தில் ஓர் அந்நிய மீன்

கண்டி மாநகருக்கு வருவோர் கண்களை முதலிற் கவர்வன தலதா மாளிகையும், அதன் முன்னே விரிந்து கிடக்கும் வாவியுமாம். மதுரை நாயக்கர் மரபில் வந்தவனும், கண்டி அரசின் கடைசி மன்னனுமாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நெல்வயல்களாய்க் கிடந்த தாழ்நிலத்தை மறித்து அணை கட்டி 1807ஆம் ஆண்டில் அமைத்த நீர்நிலை இது. எட்டு ஆண்டுகளில் அவன் அரசு இழந்தான். வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832இல் மாண்டான். அவன் அமைத்த வாவியோ இன்றும் மாலைப்பொழுதில் நகரமக்களுக்கெல்லாம் நிழலும் காற்றும் வழங்கிக்கொண்டிருக்கின்றது. அதன் கரைச்சுவரிலே சாய்ந்து நின்று பொரி தூவினால், மீன்கள் வாய் பிளந்து திரண்டு வரும் காட்சி சிறுவர்க்கு ஒரு திருவிழா. இங்கே மீன் பிடித்தல் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிடினும் மாளிகையின் நிழல் விழும் நீரில் தூண்டில் போட எவருக்கும் மனம் வராது.

இவ்வாவியில் வாழ இயலாத மீன் ஒன்று உண்டு. கண்டியிலிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்றடையக்கூடிய மலைநீரில் அது நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது. ட்ரவுட் என்பது அதன் பெயர். ஏப்ரல் விடுமுறையில், கண்டி நகரம் வெயிலிற் புழுங்கிய நாள்களில், நாம் சில ஆசிரியரும் எம் குடும்பத்தினரும் மாணவர் சிலருமாக அம்மீனைத் தேடிப் புறப்பட்டோம். பிடிப்பது எமது நோக்கமன்று. எம்மிற் பாதிப் பேர் மீனை நாவாலும் தீண்டாதவர். மலையேறி வந்து குடியிருக்கும் இந்த விருந்தாளியின் வரலாற்றை அறிந்துவர வேண்டும் என்பதே விருப்பம்.

தமிழ் படித்தவர்க்கு இங்கே ஒரு வியப்பு உண்டாதல் இயல்பு. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அங்கே தேனெடுத்தலும் தினை காத்தலும் தொழில். மீன்பிடித்தல் நெய்தலுக்கு உரியது. குறிஞ்சி நிலத்தில் நெய்தலின் தொழிலைக் கொண்டுவந்து வைத்தால் அதனைத் திணைமயக்கம் என்பர் இலக்கணகாரர். எம் புலவர்கள் பாட்டிற் செய்த திணைமயக்கத்தை, ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் மெய்யாகவே மலையுச்சியிற் செய்து பார்த்தனர்.

ஆற்றை எதிர்த்து ஒரு பயணம்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு ஏறக்குறைய மகாவலி கங்கையை எதிர்த்துச் செல்வது. பேராதனையிற் பாலத்தைக் கடக்கும்போது ஆறு அகன்று, மண்ணிறம் கொண்டு, அமைதியாய் ஓடுகின்றது. 1821இல் அங்கு நிறுவப்பட்ட பூங்காவை முப்புறமும் வளைத்துச் செல்வது இவ்வாறுதான். கெலிஓயா கழிந்து, 14ஆம் நூற்றாண்டில் அரசிருக்கையாய் விளங்கிய கம்பளையை அடைந்தோம். கம்பளைக்கு மேலே கொத்மலை ஓயா மகாவலியுடன் வந்து கலக்கின்றது. அவ்வோயாவின் தலைநீர் எங்கே பிறக்கின்றதோ, அதற்கு அணித்தேதான் நாம் தேடிச்சென்ற மீனின் குடியிருப்பும்.

புசல்லாவையைத் தாண்டியதும் வெப்பம் குறைவதை உடலே உணர்த்தியது. வளைந்து வளைந்து ஏறும் வழியில் வலப்புறம் கீழே நோக்கினால், 1985ஆம் ஆண்டில் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் மலைகளினிடையே நீலத்துகில் விரித்தாற்போற் கிடந்தது. அந்நீரின் அடியிலே ஊர்களும் வயல்களும் கோயில்களும் மூழ்கிக் கிடக்கின்றன என்பதை மாணவர்க்கு நினைவூட்டினோம். இறம்பொடையில் அருவி 100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழ்கின்றது. அங்கே மலைச்சரிவில் சின்மயா இயக்கத்தினர் எழுப்பிய ஆஞ்சநேயர் கோயிலில் வழிபட்டுச் சிறிது இளைப்பாறினோம். அதன்பின் லபுக்கலைத் தேயிலைமலைகள். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை; அப்பச்சையினிடையே கூடை சுமந்த பெண்கள்; அவர்களுக்குக் கீழே வரிசை வரிசையாக லயன் அறைகள். உல்லாசப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் இடம் இது. படத்தில் பச்சை நன்றாக விழும்; லயன் கூரையின் ஒழுக்கு விழாது.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. நுவரெலியா 1,868 மீற்றர். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை செல்சியஸ் குறையும் என்று பூமிசாத்திர வகுப்பிற் படிக்கின்றோம். கண்டியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 24 பாகைக்குச் சற்று மேல் என்றால், 1,600 மீற்றர் மேலேயுள்ள ஹோட்டன் சமவெளியில் அது 13 அல்லது 14 பாகையாக இருத்தல் வேண்டும். உண்மையும் அதுவே, அங்கே சராசரி 13 பாகை. மாணவர் ஒருவர் வண்டியிலிருந்தே இக்கணக்கைப் போட்டு முடித்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை.

முட்டைகள் வந்த கதை

நுவரெலியாவை ஆங்கிலேயர் தம் தாய்நாட்டின் ஒரு துண்டாக ஆக்கிக்கொள்ள முயன்றனர். 1848இல் சாமுவேல் பேக்கர் என்பார் இங்கே குடியேறி ஆங்கிலப் பயிர்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்தார். 1873இல் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்தில், அவர் பெயரால் வழங்கும் ஏரி அமைக்கப்பட்டது. வீடு, தோட்டம், குதிரைப்பந்தயம் எல்லாம் அமைந்தபின் ஒரு குறை எஞ்சியது. இங்கிலாந்தின் குளிர்ந்த ஓடைகளில் தூண்டிலுக்கு அகப்படும் ட்ரவுட் மீன் இங்கே இல்லை.

உயிருள்ள மீனைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருதல் எளிதன்று. ஆனால் அதன் முட்டையைக் கொண்டுவரலாம். ட்ரவுட் முட்டை குளிரில் மெதுவாக வளரும். வெப்பத்தில் விரைவாக வளரும். 10 பாகை நீரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரிக்கும் வானவில் ட்ரவுட்டின் முட்டை, அதனினும் குளிர்ந்த நீரிலே பொரிக்க இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். ஆகவே ஈரப்பாசியிலே முட்டைகளைப் பொதிந்து, பனிக்கட்டியின் அருகே வைத்தால், அவை உறங்கியவாறே கடல்கடந்து வந்துவிடும். இம்முறையாலேயே 1864ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியத் தீவுக்கு ஆங்கில ட்ரவுட் சென்று சேர்ந்தது. இலங்கைக்கு 1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முட்டைகள் வந்தன. அக்காலத்தில் புகைவண்டிப்பாதை நானுஓயாவை எட்டவில்லை. அது எட்டியது 1885இலேதான். இறுதி மலைவழியை அம்முட்டைகள் தெருவழியாகவே கடந்தன.

முதலில் வந்தது ஐரோப்பியப் பழுப்பு ட்ரவுட். அது வளர்ந்தது, ஆனால் தானாக இனம் பெருக்கவில்லை. மேலும் மேலும் முட்டைகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் வானவில் ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. பக்கங்களில் இளஞ்சிவப்புக் கோடும் உடலெங்கும் கரும்புள்ளிகளும் கொண்ட இம்மீன், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. அதனை நெடுங்காலம் ஐரோப்பிய ட்ரவுட்டின் உடன்பிறப்பு என்றே அறிஞர் எண்ணியிருந்தனர். 1989இலேதான் அது பசிபிக் சால்மன் மீன்களின் குலத்தைச் சேர்ந்தது என்று வகுத்துப் பெயரை மாற்றினர். ஆங்கிலேயர் தாயகத்து நினைவுக்காக வளர்த்த மீன் முடிவில் அமெரிக்க மீனாய் அமைந்தது. அதுவே இம்மலைநீரைத் தன் வீடாக ஏற்று, ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிற் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிட்டு இனம் பெருக்கியது.

1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. நுவரெலியாவிற் பொரிப்பகம் அமைத்துக் குஞ்சு வளர்த்து ஓடைகளில் விடுவது அதன் பணிகளுள் ஒன்று. இங்கிருந்து முட்டைகள் நீலகிரிக்கும் சென்றன என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி. நீலகிரியிலே 1863ஆம் ஆண்டளவில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் செய்த முதல் முயற்சி கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பார் இலங்கை முதலிய இடங்களிலிருந்து வானவில் ட்ரவுட்டை வரவழைத்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் நிறுவி வெற்றி கண்டார். உதகமண்டலத்து ஓடைகளில் இன்று துள்ளும் மீனுக்கு நுவரெலியா மீன்கள் ஒருவகையில் உறவினர்.

இறகால் ஆன ஈ

நுவரெலியாவில் எம்மை வரவேற்றவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிற் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர். அவர் வீட்டுச் சுவரில், பழைய துணியுறையில், மூன்று துண்டாகப் பிரித்து வைத்த தூண்டிற்கோல் ஒன்று தொங்கிற்று. தாயகம் திரும்பிய ஒரு துரை கொடுத்துச் சென்றது என்றார். எம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, முள்ளைக் கழற்றிவிட்டு, முற்றத்துப் புல்வெளியில் அதனை வீசிக் காட்டினார்.

நம் ஊர்த் தூண்டிலில் இரையும் ஈயக்குண்டும் கனமானவை. அவற்றின் கனம் தங்கூசியை இழுத்துச் செல்கின்றது. இந்தத் தூண்டிலிலோ இரையே இல்லை. சிறு முள்ளின்மேற் பட்டுநூலால் இறகைச் சுற்றி, பார்வைக்கு ஓர் ஈயைப் போலச் செய்திருக்கின்றனர். அதற்குக் கனம் கிடையாது. கனமெல்லாம் கயிற்றுக்கே. கோலைத் தலைக்குப் பின்னே உயர்த்தி, கயிறு முற்றும் பின்புறம் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பின் முன்னோக்கி வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமையில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கின்றது. அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கினாற்போல ஒலி எழும், ஈ அறுந்துபோம். தாமதித்தால் கயிறு தரையில் விழும். முதியவர் கையில் அக்கயிறு காற்றிலே ஒரு வளையம் இட்டு, விரிந்து, புல்நுனியில் ஓசையின்றி இறங்கியது. எம் மாணவர் கையிலோ அது ரோசாச் செடியிற் சிக்கியது.

இவ்வித்தை புதியதன்று. மசிடோனிய நாட்டினர் சிவந்த கம்பளிநூலையும் கோழியிறகையும் முள்ளிற் கட்டி ஆற்றுமீன் பிடித்தனர் என்று ஏலியன் என்னும் உரோம நாட்டு ஆசிரியர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்திருக்கின்றார். இங்கிலாந்தில் ஐசாக் வால்ட்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூல் இன்றளவும் அச்சில் உள்ளது. நமக்கும் இவ்வித்தைக்கும் தொடர்பு இல்லையென எண்ணற்க. ஈ கட்டுவதற்கு மயிலிறகின் இழைகள் சிறந்தன; தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற்காட்டுக்கோழியின் கழுத்திறகோ ஆங்கிலேயத் தூண்டிற்காரர்க்குப் பொன்னினும் அரிது. 19ஆம் நூற்றாண்டிலே கோல் செய்வதற்குக் கல்கத்தாவிலிருந்து சென்ற மூங்கிலையே பிளந்து ஒட்டினர். கோலுக்கு நம் மூங்கில், ஈக்கு நம் பறவையின் இறகு. பெயர் மட்டும் ஆங்கிலேயர் கலை.

முதியவரிடம், “ஐயா, இதனை எங்கே பழகினீர்கள்?” என்று வினவினோம்.

“பழகினதா? யார் எனக்குப் பழக்கினாங்க, மாஸ்டர்! சின்ன வயசுல துரைக்குக் கூடை தூக்கிக்கிட்டுப் போவேன். அவர் வீசுறதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்திடுச்சு. லயத்துல கித்துள் மட்டையை வச்சு நானும் வீசிப் பார்ப்பேன். எங்கப்பா கண்டா அடிப்பாரு, துரை கண்டா சிரிப்பாரு,” என்றார்.

“பிடித்த மீனை உங்களுக்கும் கொடுப்பாரா?”

“சின்ன மீனா இருந்தா திரும்ப ஆத்துலயே விட்டிடுவாரு. அளவு வச்சு அளந்து பார்ப்பாரு. பெரிய மீன் பங்களாவுக்கு. மீனுக்கு ஒரு சட்டம் இருந்திச்சு, மாஸ்டர். எத்தனை பிடிக்கலாம், எந்த மாசம் பிடிக்கக்கூடாது, எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க.” சற்று நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவர் தொடர்ந்து சொன்னார்: “எங்க பாட்டனுக்குப் பாட்டன் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து நடந்து வந்தவரு. இந்த மீனும் அதே மாதிரி எங்கிருந்தோ வந்ததுதான். ஆனா, நீ எந்த ஊரு, எப்ப திரும்பிப் போவேன்னு அதை யாரும் கேட்டதில்லை.”

அவர் குறையாக இதனைச் சொல்லவில்லை, நகைத்துக்கொண்டே சொன்னார். எமக்குத்தான் நகைக்க முடியவில்லை.

பனிக்கட்டியும் பாதயாத்திரையும்

அன்றிரவு தங்குமிடத்தில் மாணவர்கள் இதனைப் பற்றியே பேசினர். முதியவர் சொற்களை வரலாற்றோடு ஒட்டி எண்ணிப் பார்த்தல் தகும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த எம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை மாத்தளை வரையில் நடந்தே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு அன்று எவரும் ஒழுங்கான கணக்கு வைத்திலர். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தோன்றியது, கோப்பி அழிந்தது. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. கோப்பி மடிந்து தேயிலை எழுந்த அதே ஆண்டுகளிலேதான் ட்ரவுட் முட்டைகள் பாசிமெத்தையிற் படுத்து, பனிக்கட்டி விசிற, மலையேறி வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை முட்டை பிழைத்தது, எத்தனை பழுதாயிற்று என்று எண்ணிப் பார்த்தல் அத்தொழிலின் முறை.

மீனுக்கு அளித்த கவனத்தை நாம் குறைகூறவில்லை. எவ்வுயிராயினும் பேணப்படுதல் நன்றே. மனிதனுக்கு அக்கவனத்தின் ஒரு பங்கேனும் கிட்டியிருத்தல் வேண்டும் என்பதே எமது துயரம். நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையால் பல்லாயிரம் குடும்பங்கள் பிரிந்து இந்தியா சென்றன. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் முடிவுக்கு வந்தது. மீனையும் மனிதனையும் ஒரு தராசில் வைத்தல் தகாது. மீன் இம்மலைக்கு வந்து நீரை உண்டது. மக்கள் வந்து மலையையே ஆக்கினர். தெருவும் பாலமும் புகைவண்டிப்பாதையும் தேயிலையும் அவர்தம் கையின் ஆக்கம். “வந்தவர்” என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் சுட்டுதல் அறிவுடைமையன்று.

சமவெளியின் ஓடைகள்

மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, அம்பேவலைப் பாற்பண்ணைகளையும் பட்டிப்பொலையையும் கடந்து ஹோட்டன் சமவெளியை அடைந்தோம். சிங்கள மக்கள் மகா எலிய என வழங்கிய இவ்விடத்துக்கு, 1834இல் அன்றைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயர் இடப்பட்டது. மலைக்காடுகளின் அருமையை உணர்ந்த தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாது என 1873இல் அறிவுரை கூறினார். அவ்வறிவுரையை ஏற்றதாலேயே இச்சமவெளி தேயிலைத் தோட்டமாகாமல் தப்பியது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

புல்வெளியில் மரைகள் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. தோமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய பழைய விடுதி இன்று பார்வையாளர் நிலையமாயிருக்கின்றது. அதன் அயலிலே பெலிஹுல் ஓயா, முழங்கால் ஆழத்தில், தேநீர் நிறத்தில், அடியிற் கிடக்கும் கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம்போல ஓடிக்கொண்டிருந்தது. இவ்வோயா தெற்கே வளவை கங்கையை நோக்கிச் செல்வது. சமவெளியின் மறுபுறத்து நீரோ கொத்மலை ஓயாவாகிப் பேராதனைக்கு இறங்கி வருவது. ஒரே புல்வெளியிற் பெய்த மழை, ஒரு சிறு மேட்டின் இப்பக்கத்தில் விழுந்தால் தென்கடலையும், அப்பக்கத்தில் விழுந்தால் 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்கு அருகே கீழ்க்கடலையும் சேர்கின்றது.

நீரிற் கைவைத்த சிறுவர்கள் உடனே கையை இழுத்துக்கொண்டனர், அத்துணைக் குளிர். ட்ரவுட் மீன் இங்கு வாழ்வதற்கும் கண்டி வாவியில் வாழாமைக்கும் காரணம் இக்குளிரே. குளிர்ந்த நீரிலே ஒட்சிசன் மிகுதியாகக் கரையும். கடல்மட்டத்தில் 10 பாகை நீரில் லீற்றர் ஒன்றில் 11 மில்லிகிராமுக்கு மேல் கரையுமாயின், 25 பாகை நீரில் 8 மில்லிகிராமளவே கரையும். ஓயாது நீந்தும் ட்ரவுட்டுக்குக் காற்று மிகுதியாக வேண்டும். முட்டையிடுதற்கோ சேறு படியாத கூழாங்கற்படுகை வேண்டும்; கற்களினிடையே ஓடும் நீர் நின்றால் முட்டை மூச்சடைத்து மாளும். மேற்சரிவிற் காட்டை வெட்டினால் மண் கரைந்து படுகையை மூடும். மரக்கறித் தோட்டங்களின் மருந்தும் உரமும் கலந்தால் நீர் நஞ்சாகும். ஆகவே ட்ரவுட் துள்ளும் ஓடை தூய ஓடை என்பதிற் பெரிதும் பிழையில்லை.

கரையோரப் பாறை நிழலைக் கூர்ந்து நோக்கிக் கால்மணி நேரம் அசையாது நின்றோம். பிள்ளைகள் அவ்வளவு நேரம் வாய் திறவாதிருந்தது அப்பயணத்தின் முதல் அதிசயம். இரண்டாவது அதிசயமாக, நீரோட்டத்தை எதிர்த்து ஒரு நிழல் நின்றது. நிழலா, கல்லா என ஐயுற்ற வேளையில் ஒரு பூச்சி நீர்மேல் வீழ, அந்நிழல் எழுந்து, பக்கம் மின்னி, வாய் திறந்து மூடி, மீண்டும் தன்னிடத்தில் நின்றது. அவ்வளவே. நீரில் ஒரு வட்டம் விரிந்து மறைந்தது.

அந்த அழகிலே மயங்கி நின்ற எமக்கு, உடன்வந்த விலங்கியல் ஆசிரியர் வேறொன்றைக் காட்டினார். கல்லின் அடியில், கண்ணாடித் துண்டுபோன்ற ஒரு சிற்றிறால். இச்சமவெளியின் குளிர்நீருக்கே உரிய, உலகில் வேறெங்குமில்லாத இறால் இனம் ஒன்று இங்கே உண்டு. இம்மலைக்கே உரிய நண்டுகளும் தவளைகளும் இந்நீரையே நம்பி வாழ்கின்றன. ட்ரவுட் இறைச்சி உண்ணும் மீன். நீர்ப்பூச்சியும் இறாலும் வால்பேத்தையும் அதற்கு உணவு. பல்லாயிரம் ஆண்டுகளாக இத்தகைய பகைவனை அறியாது வாழ்ந்த சிற்றுயிர்களினிடையே, தூண்டில் விளையாட்டின்பொருட்டு ஒரு வேட்டைக்காரனைக் கொண்டுவந்து விட்டனர். அன்று இதனைத் தீங்கென்று எண்ணியவர் அரியர். இன்று உயிரியல் அறிஞர் உலகெங்கும் இதனையே எண்ணிக் கவலுகின்றனர்.

யாருடைய ஓடை?

அவ்வாறாயின் ட்ரவுட்டை என்செய்வது? மாணவர்களிடையே இதுபற்றி ஒரு வழக்காடு மன்றமே நடந்தது. “நூறாண்டுக்கு மேல் இங்கே பிறந்து வளர்ந்த மீனை எப்படி அந்நியம் என்பது?” என்றார் ஒருவர். “இறாலுக்குச் செல்ல வேறு நாடு இல்லையே!” என்றார் மற்றவர். இருவரும் கூறியது உண்மை.

எமது கருத்து இது: பூங்காவினுள் எவ்வுயிரையும் பிடித்தல் இன்று சட்டப்படி குற்றம், அவ்வாறே இருத்தல் நன்று. ஆயின் பூங்காவின் ஓடைகளிற் புதிதாகக் குஞ்சுகளை விடும் எண்ணம் எக்காலத்தும் எழலாகாது. எந்த ஓடையில் ட்ரவுட் இல்லையோ, அந்த ஓடை அவ்வாறே இருக்கட்டும். பூங்காவுக்கு வெளியே, தோட்டங்களின் நடுவே, மனிதன் முன்னமே மாற்றிவிட்ட நீர்நிலைகளில் அம்மீன் வாழட்டும். வேண்டுவோர் அங்கே முறைப்படி அனுமதி பெற்றுத் தூண்டில் வீசட்டும். அக்கலையும் அழியவேண்டியதன்று. துரைமாரின் கூடை சுமந்தவர் பேரப்பிள்ளைகள் அதனைக் கற்றுப் பயணிகளுக்கு வழிகாட்டிப் பிழைக்கவும் கூடும். பொறுமையும், நீரை நோக்கும் கண்ணும், சிறுமீனைத் திரும்ப விடும் அடக்கமும் கற்பிக்கும் கலையை, யார் கொண்டுவந்தார் என்பதற்காக வெறுக்கவேண்டுவதில்லை.

அதனினும் முதன்மையானது நீர். ட்ரவுட்டுக்கும் இறாலுக்கும் வேண்டுவது ஒன்றே: குளிர்ந்த, தெளிந்த, நஞ்சற்ற நீர். கண்டியிலும் அதற்குக் கீழேயும் வாழும் மக்களுக்கு வேண்டுவதும் அதுவே. மகாவலியின் நீரைக் குடித்தும் அதனால் விளைந்த நெல்லை உண்டும் வாழ்கின்ற நாம், அதன் பிறப்பிடத்துக் காட்டை அயலார் பொருளென எண்ணல் தகுமோ?

ஹோட்டன் சமவெளிக்குக் குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். வைகறையிலேயே சென்றடைக, முற்பகல் கழியுமுன் மூடுபனி எழுந்து உலகமுடிவுப் பள்ளத்தை மறைத்துவிடும். கம்பளிச்சட்டையை ஏப்ரல் மாதமாயினும் மறவற்க. பொலித்தீன் பைகளைப் பூங்காவினுள் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். உணவை வாழையிலையிற் கட்டிச் சென்றால் சுவையும் கூடும். மரைக்கு உணவு ஊட்டற்க. பேக்கர் அருவிக்கு இறங்கும் வழி வழுக்கும். அதன் தடாகத்தில் நீராடல் உயிருக்கு ஆபத்து.

ஓடைக்கரையில் சிறிது நேரமேனும் பேசாது நின்று பார்க்குக. மீன் தென்படலாம், தென்படாமலும் போகலாம். தென்பட்டால், அது கடந்துவந்த கடலைப் பிள்ளைகளுக்குச் சொல்லுக. அத்தோடு, நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் எதிர்ப்படும் லயன்களில் வாழ்வோர் கடந்துவந்த வழியையும் சொல்லுக. இரண்டாவது கதையைப் பிள்ளைகள் தாமாகக் கேட்கமாட்டார்கள். நாமே எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.